அண்ணப் பிளவு: ஒன்பது வயதில் மேல்தாடையை விரிப்பது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. பிறக்கும்போதே இடப்பக்கம் உதடு, ஈறு, அண்ணம் மூன்றும் பிளந்திருந்தன. நான்காவது மாதம் உதட்டுக்கும், பதின்மூன்றாவது மாதம் அண்ணத்துக்கும் ஆபரேஷன் ஆனது. ஏழு வாரத்துக்கு முன்பு மேல் கடைவாய்ப்பற்களில் வளையம் மாட்டி, அண்ணத்தின் குறுக்கே கம்பி வைத்தார்கள். ‘குவாட் ஹெலிக்ஸ்’ என்று பெயர் சொன்னார்கள். அடுத்து இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து ஈறில் வைக்க வேண்டுமாம். பால்பல்லே முழுதாக விழவில்லை, பதின்மூன்று வயதில் கிளிப் போட்டால் போதாதா என்று வீட்டில் சத்தம் போடுகிறார்கள். போதாக்குறைக்கு, போன வாரத்திலிருந்து ரசம் குடித்தால் மூக்கில் வருகிறது. முன்பல்லுக்குப் பின்னால் ஓட்டை தெரிகிறது. கம்பி கிழித்துவிட்டதா? கழற்றச் சொல்லிவிடலாமா? அங்கே வரும் இன்னொரு பிள்ளைக்குச் சாவி போட்டுத் திருகும் கருவி வைத்திருக்கிறார்கள். அதுதான் நல்லதா? கீழ்ப்பல் முன்னால் நிற்பதும் இதிலேயே சரியாகிவிடுமா?
– ஒரு தாய், நாமக்கல் மாவட்டம்

பதில்: கம்பியைக் கழற்றச் சொல்லாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் இடத்தை வைத்துப் பார்த்தால், அந்த ஓட்டை கம்பி கிழித்ததாக இருக்க வாய்ப்பில்லை. உங்கள் மகனுக்கு அது ஒன்பது வருடமாக அங்கேயே இருந்திருக்கும்.

உதட்டையும் அண்ணத்தையும் தைக்கும்போது ஈறுப் பகுதியின் பிளவைப் பெரும்பாலான மையங்களில் வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். கைக்குழந்தைக்கு அங்கே கத்தி வைத்தால் மேல்தாடையின் வளர்ச்சி குறையும் என்ற கவலைதான் காரணம். ஆகவே உதட்டுக்குப் பின்னால், ஈறு வழியாக மூக்குக்குப் போகும் ஒரு சந்து மிச்சமிருக்கும். பிள்ளை வளர வளரத் தாடையின் இரண்டு துண்டுகளும் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று சாய்வதால் அந்தச் சந்தின் வாய் அடைந்து கிடக்கும். இப்போது துண்டுகளை விலக்குகிறோம், சந்து வெளியே தெரிகிறது. எலும்பு வைக்கும் ஆபரேஷனில் மூக்கின் தரைக்கு ஓர் அடுக்கு, வாய்ப்பக்கம் ஓர் அடுக்கு என்று தைத்து இதையும் சேர்த்தே மூடுவார்கள். கருவி பொருத்துவதற்கு முன்பே இதை உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பல இடங்களில் சொல்லத் தவறுகிறார்கள், தாய்மார்கள் பயந்துபோய்ப் பாதியில் நிறுத்துகிறார்கள்.

ஒன்றை மட்டும் நீங்களே பார்த்துவிடுங்கள். பையனைத் தலை சாய்த்து உட்காரவைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டை முன்பற்களுக்குப் பின்னால், பிளவு இருந்த கோட்டிலேயே இருந்தால் நான் மேலே சொன்னதுதான். அண்ணத்தின் நடுவிலோ பின்பக்கத்திலோ புதிதாகத் துளை தெரிந்தாலும், கம்பி சதைக்குள் புதைந்து சுற்றிலும் வெளுத்தோ ரத்தம் கசிந்தோ இருந்தாலும், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் மறுநாளே காட்டுங்கள். நாக்கின் மேல் கம்பியின் அச்சு பதிந்திருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் விழும், கருவியை எடுத்த சில வாரங்களில் மறையும்.

இனி வீட்டில் கேட்கிற கேள்வி: ஏன் இப்போதே? பதின்மூன்று வயதுக் கிளிப் வேறு, இது வேறு. அது பல்லை வரிசைப்படுத்த, இது எலும்பு வைக்க இடம் தயார் செய்ய. இதன் காலக்கெடுவை வயதைவிட, பிளவுக்குப் பக்கத்தில் எலும்புக்குள் இருக்கும் நிரந்தரக் கோரைப்பல்தான் முடிவு செய்கிறது.

அந்தப் பல் இறங்கிவர எலும்பு வேண்டும். பிளவில் எலும்பு கிடையாது. எலும்பில்லாத இடத்தில் அது இறங்கினால் வேரின் ஒரு பக்கம் வெறுமையாக நிற்கும், ஈறு விலகும், சில வருடங்களில் ஆடத் தொடங்கும். அதனால் கோரைப்பல்லின் வேர் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை வளர்ந்திருக்கும்போது, பல் வெளியே வருவதற்கு முன்பு, இடுப்பெலும்பிலிருந்து பஞ்சு போன்ற உள்ளெலும்பை எடுத்துப் பிளவை நிரப்புகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது 8 முதல் 11 வயதுக்குள் விழும். பல் அந்தப் புது எலும்பு வழியாகவே இறங்கி வரும், வரும்போது அதைக் கரையாமல் காப்பாற்றவும் செய்யும். பல் முளைத்த பிறகு வைத்தாலும் பலன் உண்டு என்றாலும் எலும்பு நிற்கும் வாய்ப்பு குறைகிறது. அமெரிக்காவில் பாய்ன், சாண்ட்ஸ் இருவரும் 1972-ல் இந்த முறையை எழுதினார்கள். நார்வேயின் ஆஸ்லோ குழு 1980-களில் ஏராளமான பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, கோரைப்பல் முளைப்பதற்கு முன் வைப்பதே மேல் என்று காட்டியது. அதற்கு முந்தைய காலத்தில் கைக்குழந்தைகளுக்கே எலும்பு வைத்துப் பார்த்து, மேல்தாடை வளராமல் போனதால் பெரும்பாலான மையங்கள் கைவிட்டன.

ஆக, ‘பால்பல் விழட்டும்’ என்று காத்திருந்தால் நல்ல வாய்ப்பு கைநழுவிவிடும். தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயும், பிளவுப் பகுதிக்கு மட்டும் ஒரு சிறு எக்ஸ்ரே அல்லது முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேனும் எடுத்து, கோரைப்பல்லின் வேர் எந்த நிலையில் இருக்கிறது என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். வீட்டாரிடம் அந்தப் படத்தையே காட்டலாம். வேறு விளக்கம் தேவைப்படாது.

எலும்பு வைப்பதற்கு முன் ஏன் விரிக்க வேண்டும் என்பதற்கும் உங்கள் மகனின் வாயிலேயே பதில் இருக்கிறது. கிழிந்த துணியை இழுத்துத் தைத்த இடம் சுருங்குவதுபோல, அண்ணத்தில் தைத்த தழும்பு மேல்தாடையை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். இடப்பக்க முழுப் பிளவில் தாடை இரண்டு துண்டு: முன்பற்களோடு சேர்ந்த வலப்பக்கப் பெரிய துண்டு, கோரைப்பல்லும் கடைவாய்ப்பற்களும் உள்ள இடப்பக்கச் சிறிய துண்டு. சிறிய துண்டு பின்பக்கம் கீல் போட்ட கதவு மாதிரித்தான், அதன் முன்நுனிதான் உள்ளே சாயும். அதனால் கடைவாய்ப்பற்கள் ஓரளவு சரியாகக் கடித்தாலும், கோரைப்பல் பக்கம் மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே போய்விடும். துண்டுகள் இப்படி மடிந்து கிடந்தால் அறுவை மருத்துவருக்கு மூக்கின் தரையைப் பார்த்துத் தைக்கவே இடம் கிடைக்காது. கோணலான நிலையிலேயே எலும்பை வைத்து ஒட்டிவிட்டால் பிறகு விரிப்பது பெரும்பாடு.

அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் விரிக்கலாம் என்றும் இல்லை. மிக அகலமாகிவிட்டால் பிளவை மூட ஈறுச் சதை எட்டாது. எவ்வளவு போதும் என்று பல் சீரமைப்பு மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். இருவரும் ஒரே நாளில் பையனைப் பார்க்க ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். என் கணிப்பில், எந்தக் கருவி என்பதைவிட இதுதான் முக்கியம்.

கருவி விஷயத்துக்கு வருகிறேன். குவாட் ஹெலிக்ஸ் ஏறக்குறைய 0.9 மி.மீ. தடிமனுள்ள ஸ்டீல் கம்பி. அண்ணத்தில் நான்கு சுருள்கள், இரண்டு முன்னால், இரண்டு பின்னால். ஒட்டுவதற்கு முன்பே அதை ஒரு கடைவாய்ப்பல்லின் அகலத்துக்கு, அதாவது சுமார் 8 மி.மீ. கூடுதலாக விரித்து வைத்து, பிறகு அமுக்கி வாய்க்குள் நுழைத்து ஒட்டுவார்கள். கம்பி தன் பழைய அகலத்துக்குத் திரும்ப முயல்வதுதான் தள்ளும் விசை. மெதுவாகத் தள்ளும், வீட்டில் யாரும் எதையும் திருக வேண்டியதில்லை. ஆனால் விசை தானாகவே தீர்ந்துபோகும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை போல் பரிசோதித்து, தேவையானால் கழற்றி மறுபடி விரித்து ஒட்ட வேண்டும். உங்கள் கடிதத்தில் ஏழு வாரம் என்கிறீர்கள். அடுத்த சோதனைக்குப் போகவில்லை என்றால் இந்த வாரமே போய்விடுங்கள்.

போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். கருவியின் இரு கைகளும் கோரைப்பல் வரை நீண்டு, பல்லைத் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? அவை தொடாமல், விசையெல்லாம் கடைவாய்ப்பல்லிலேயே விழுந்தால் கடைவாய்ப்பல் வெளியே சாயும், முன்பக்கம் அப்படியே குறுகி நிற்கும். பிளவுப் பிள்ளைகளுக்கு நடக்கும் தவறுகளில் இதுதான் அடிக்கடி பார்ப்பது. கையைக் கொஞ்சம் வளைத்து முன்பக்கத்துக்கு விசையைத் திருப்பினால் சரியாகும். பல்லைக் கடிக்கச் சொல்லி, கன்னத்தை விரலால் ஒதுக்கி, மாதம் ஒருமுறை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். எது நகர்கிறது, எது நகரவில்லை என்று டாக்டருக்கும் உதவும்.

சாவி போட்டுத் திருகும் கருவி ஹைராக்ஸ் வகை. ஒரு கால் திருகலுக்கு 0.2 முதல் 0.25 மி.மீ. திறக்கும். பிளவில்லாத பிள்ளைகளுக்கு அண்ணத்தின் நடுவே உள்ள எலும்புப் பொருத்தைப் பிரிக்க காலை ஒன்று, மாலை ஒன்று என்று வேகமாகத் திருகுவார்கள், முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். முழுப் பிளவில் கதை வேறு. துண்டுகள் ஏற்கெனவே தனித்தனியாகத்தான் இருக்கின்றன, எதிர்ப்பது தழும்பு மட்டும். அதனால் அவசரம் தேவையில்லை. நாள் விட்டு நாளோ, வாரம் இரண்டு முறையோ திருகினாலே நகரும். இடைவெளியும் முன்பல்லுக்கு நடுவில் வராது, பிளவுக் கோட்டில்தான் வரும். ஹைராக்ஸிலேயே பின்னால் கீல் வைத்து முன்பக்கம் மட்டும் விசிறிபோல் விரியும் வகை ஒன்று உண்டு. முன்பக்கம் மட்டும் மிகவும் குறுகியிருந்தால் அது கைகொடுக்கும். உங்கள் மகனுக்குக் குவாட் ஹெலிக்ஸ் நகர்ந்துகொண்டிருந்தால் மாற்றத் தேவையே இல்லை. அந்தப் பிள்ளையின் தாடை வேறு, உங்கள் மகன் தாடை வேறு.

ஒருவேளை பிறகு சாவிக் கருவிக்கு மாற்றினால்: சாவியில் நீளமான நூல் கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டுதான் திருக வேண்டும், தவறித் தொண்டைக்குள் போகாமலிருக்க. முன்னிருந்து பின்னுக்கு, அடுத்த ஓட்டை முழுதாகத் தெரியும்வரை தள்ளவேண்டும். பாதியில் நிறுத்திச் சாவியை உருவினால் திருகு பழைய இடத்துக்கே திரும்பும், மறுநாள் சாவி நுழையாது. விரியவில்லை என்று வருகிற புகார்கள் பலவற்றுக்கு இதுதான் காரணம். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகத் திருக வேண்டாம்.

எதுவரை விரிப்பது? மேல் கடைவாய்ப்பல்லின் உள்முனை, கீழ்ப்பல்லின் வெளிமுனைமேல் உட்காரும்வரை. பார்ப்பதற்கு மேல்பல் சற்று அதிகமாக வெளியே வந்ததுபோல் தெரியும். அது கணக்குப் போட்டுச் செய்வது, ஏனென்றால் தழும்பு கொஞ்சம் திரும்ப இழுக்கும். மெதுவான முறையில் மொத்தம் மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். விரிந்ததும் கழற்றிவிடக் கூடாது. அதே கம்பியை விசையில்லாமல் வைத்தோ, வேறொரு தாங்கு கம்பிக்கு மாற்றியோ, எலும்பு வைத்து குறைந்தது மூன்று மாதம் ஆகும்வரை பிடித்து நிறுத்த வேண்டும். பிளவில்லாத பிள்ளைக்குப் பிரிந்த பொருத்தில் எலும்பு தானாக நிரம்பும், உங்கள் மகனுக்கு அப்படி நிரம்ப இடமே இல்லை. ‘விரிந்துவிட்டது, ஆபரேஷன் தேதி வரும்வரை சும்மா இருக்கட்டும்’ என்று கழற்றினால் சில வாரங்களிலேயே உள்ளே சாயத் தொடங்கும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிளவின் ஓரத்தில் கூடுதலாக முளைத்த பல்லோ, ஆடும் பால்பல்லோ இருந்தால் ஆபரேஷனுக்குச் சில வாரங்கள் முன்பே பிடுங்கி, ஈறு ஆறவிட வேண்டும். பிளவை ஒட்டி நிற்கும் முன்பல் திரும்பி, கோணலாக இருக்கும். அதை இப்போது நேராக்கித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். அந்தப் பல்லுக்கும் பிளவுக்கும் நடுவே காகிதம் போன்ற எலும்புதான் இருக்கும். எலும்பு வைப்பதற்கு முன் வேரை அந்தப் பக்கம் தள்ளினால் வேர் வெளியே வந்துவிடும். பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று பெற்றோர் கெஞ்சும்போது சில மருத்துவர்கள் இளகிவிடுகிறார்கள். இளகக் கூடாத இடம் இது.

மூக்கில் ரசம் வருவதற்கு: குடிக்கும்போது சிறு சிறு மிடறாக, தலையை நிமிர்த்தாமல் குடிக்கச் சொல்லுங்கள். சாப்பிட்டதும் வெறும் தண்ணீரால் கொப்பளித்து, பிறகு கொஞ்சம் தண்ணீர் குடிக்கட்டும். ஓட்டையில் பஞ்சு, சூயிங்கம் எதையும் அடைக்கக் கூடாது. சோற்றுப் பருக்கை மாட்டி நாற்றம் வந்தால் சலைன் சொட்டு விட்டு மூக்கைச் சிந்தினால் போதும். எரியும் மவுத்வாஷ் வேண்டாம், மூக்கில் ஏறும். பேச்சும் சில நாள் குழறும். ‘ச’, ‘ட’, ‘ல’ எழுத்துகள் கம்பியில் இடறும், வாசிக்க வைத்துப் பழக்கினால் ஓரிரு வாரத்தில் சரியாகும். மூக்கால் பேசுவது முன்பைவிட அதிகமானால் மட்டும் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

சொத்தைதான் இந்தச் சிகிச்சையின் நிஜ எதிரி. வளையத்துக்குள் சிமென்ட் கரைந்தால் உள்ளே பல் சத்தமில்லாமல் அரிக்கும். வளையம் லேசாக ஆடினாலோ, அந்தப் பல் பக்கம் புளிப்பு நாற்றம் வந்தாலோ உடனே போய் ஒட்டிக்கொள்ளுங்கள். இரவு பல் தேய்ப்பதை அவனிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள்: 1,000 பி.பி.எம். அல்லது அதற்கு மேல் ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட், கம்பிக்கு அடியில் நுழைய இடைப்பல் பிரஷ். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளூரைடு வார்னிஷ் பூசச் சொல்லுங்கள். கடலைமிட்டாய், கமர்கட், எள்ளுருண்டை, ஜவ்வுமிட்டாய், கடினமான முறுக்கு இப்போதைக்கு வேண்டாம். ஈறு வீங்கி ரத்தம் கசியும் வாயில் வைத்த எலும்பு எளிதில் சீழ்பிடித்துப் போகும். அதனால் ஆபரேஷன் தேதி கொடுப்பதற்கு முன்பு வாயைச் சுத்தம் செய்யச் சொல்லி அனுப்புவார்கள், சலித்துக்கொள்ள வேண்டாம்.

கீழ்ப்பல் முன்னால் நிற்பதைப் பற்றி நேராகவே சொல்கிறேன். விரிப்பது அகலத்தைத்தான் சரிசெய்யும். முன்பற்கள் ஓரிரு மி.மீ. உள்ளே போயிருந்தால் கம்பியின் கையாலேயே முன்னே தள்ளலாம். மேல்தாடையே வளராமல் பின்தங்கியிருந்தால் அதை முன்னே இழுக்க, முகத்தில் மாட்டும் ஃபேஸ்மாஸ்க் கருவியை ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் போட வேண்டியிருக்கும். தைவானின் எரிக் லியூ 2005-ல் பிளவுப் பிள்ளைகளுக்காக எழுதிய முறை ஒன்றும் இருக்கிறது: நாளுக்கு 1 மி.மீ. வீதம் ஒரு வாரம் விரித்து, அடுத்த வாரம் அதே அளவு மூடி, ஏழெட்டு வாரம் மாற்றி மாற்றிச் செய்து தாடையைத் தளர்த்திய பிறகு முன்னே இழுப்பது. திருகுக் கருவி வைத்த பிள்ளைக்குத் ‘திறந்து திறந்து மூடுகிறார்கள்’ என்று கேள்விப்பட்டால் அது தப்பான சிகிச்சை என்று எண்ண வேண்டாம். இவற்றில் பலன் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். வளர்ச்சி முடியும்வரை கீழ்த்தாடை வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், சில பிள்ளைகளுக்கு 18 வயதுக்கு மேல் தாடை அறுவை சிகிச்சை தேவைப்படும். யாராவது இப்போதே ‘முழுதும் சரியாகிவிடும்’ என்று உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். கீழ்ப்பல்லைப் பிடுங்கி உள்ளே தள்ளலாம் என்று 10, 12 வயதில் சொன்னால் வேறொருவரிடமும் கேளுங்கள். பின்னால் தாடை ஆபரேஷன் வந்தால் அந்தப் பிடுங்கல் இடைஞ்சல்.

செலவுக்கு: பிளவு உதடும் அண்ணமும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் 18 வயது வரை அடங்கும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் உள்ள தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் பதிவு செய்யுங்கள். பிளவுச் சிகிச்சைக்கு உதவும் ஸ்மைல் ட்ரெயின் என்ற தொண்டு அமைப்போடு இணைந்த மருத்துவமனையில் முன்பு ஆபரேஷன் நடந்திருந்தால், எலும்பு வைப்பதும் பல் சீரமைப்பும் அதில் சேருமா என்று அங்கேயே கேளுங்கள், மையத்துக்கு மையம் மாறும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பல் அச்சு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

இடுப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வீட்டில் அடுத்து அதைத்தான் கேட்பார்கள். சிறு வெட்டு, எடுப்பது சில தேக்கரண்டி அளவுதான். மறுநாளே மெல்ல நடக்கவைப்பார்கள், ஓரிரு வாரம் நொண்டி நடப்பான். வாய்க்கு முதலில் கூழ், கஞ்சி, குழைந்த சோறு. மூக்கைச் சிந்தாமல் இருக்க வேண்டும். ஓட்டம், சைக்கிள், கபடி நான்கு முதல் ஆறு வாரத்துக்கு வேண்டாம். கோரைப்பல் காத்திருக்கும் நிலையில் இருந்தால் தேதியைக் கோடை விடுமுறைக்குக் கேட்டு வாங்குங்கள். வேர் முற்றிவிட்டதாக எக்ஸ்ரே சொன்னால் பரீட்சையைப் பார்க்காதீர்கள்.